வெளிவாசல் வழியாக நாற்பத்திரண்டு நாடுகள்

நான் ஒரே நாளில் நாற்பத்திரண்டு நாடுகளுக்குப் போய் வந்தவன். அவற்றில் ஒன்றைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஒரு நாட்டுக்குப் போனதை என் நெருங்கிய நண்பனிடமிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் மறைத்தும் வைத்தேன். எழுபத்தொரு வயதில் இதை எழுதி வைக்காவிட்டால் பிறகு எழுதக் கை நடுங்கும். அதனால் எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் தபால் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது வருடம் போஸ்ட்மாஸ்டர். என் மகன் துபாயில் இருக்கிறான். அங்கே உலகக் கண்காட்சி நடந்த குளிர்காலத்தில், "அப்பா, உலகத்துல இருக்கிற எல்லா நாடும் ஆளுக்கொரு கட்டடம் கட்டியிருக்காங்க. அறுபது வயசுக்கு மேல டிக்கெட்டே கிடையாது. வந்துடுங்க" என்று அழைத்தான். இலவசம் என்றால் உலகத்தைப் பார்க்க யார்தான் மறுப்பார்கள்?

தனியாகப் போக மனமில்லை. புவனகிரியில் இருக்கும் என் மனைவியின் தம்பியைக் கேட்டேன். அவன் நிலக்கடலை வியாபாரி. எங்கள் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். "அறுவடைக்கு இன்னும் நாளு கெடக்குது மாமா, வரேன்" என்றான். அவனை நான் மச்சான் என்றே கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

மூன்றாவது ஆள்தான் முக்கியம். அவன் கடலூர்க்காரன், என் கல்லூரி விடுதி அறைத் தோழன். சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவன். என்னை 'போஸ்ட்டு' என்றுதான் கூப்பிடுவான். அவன் மனைவி இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் போலந்தில் வேலை. "இங்க வந்து எங்களோட இருங்கப்பா" என்று மகன் வாராவாரம் போனில் கெஞ்சுவான். இவன் போகிறேன் என்றும் சொல்லமாட்டான், மாட்டேன் என்றும் சொல்லமாட்டான்.

அவனைத் துபாய்க்கு வரவைக்க நான் போட்ட தூண்டில் அதுதான். "டேய், போலந்துக்காரனும் அங்க பெவிலியன் போட்டிருக்கான். போலந்துக்குப் போகாமயே போலந்த பாக்கலாம். பாத்துட்டு உன் பையனுக்குப் பதில் சொல்லு" என்றேன். அவன் ஒரு நாள் யோசித்தான். மறுநாள் தன் சொந்தச் செலவில் விமான டிக்கெட் போட்டுக்கொண்டான். அப்போது என் மனதில் கள்ளம் ஒன்றும் இல்லை. கண்ணாடியும் இரும்புமாக ஏதோ ஒரு கட்டடத்தைப் பார்ப்பான், 'இதுல போயி நான் இருக்கறதா' என்று திரும்பிவிடுவான் என்று நம்பினேன்.

கண்காட்சிக்குப் போன அன்று காலை என் மகன் காரில் எங்களை அழைத்துப் போனான். மருமகள் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்திருந்தாள். மாலை ஆறு மணிக்கு வாசலில் வந்து ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. வழியில் கடலூர்க்காரன் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

"என்னாடா ஜெபம் பண்றே?" என்றேன்.

"ஒரு கேள்வி தயார் பண்றேன். போலந்துக்காரன் எவனாவது மாட்டுவான் இல்ல, அவங்கிட்ட கேக்கணும்."

"என்ன கேள்வி?"

"ஓல்ட் மேன் கம் ஃப்ரம் இண்டியா. பார்க் பெஞ்ச் சிட்டிங். எனிபடி கம் அண்ட் டாக்?"

மச்சான் சிரித்தே விட்டான். "மாமா, இதுக்கு அவன் போலீஸத்தான் கூப்புடுவான்."

கடலூர்க்காரன் சிரிக்கவில்லை. "நக்கல் பண்ணாத மாப்ள. குளிரு, சோறு இதெல்லாம் சமாளிச்சிக்கலாம். பாய்லர் பக்கத்துல முப்பது வருசம் வெந்தவனுக்குக் குளிரு நல்லதுதான். பையன் வேலைக்குப் பூடுவான், மருமக வேலைக்குப் பூடுவா. நான் கீழ எறங்கிப் போயி உக்காந்தா யாராவது ஒருத்தன் வந்து பேச்சு குடுப்பானா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். குடுப்பான்னா, நல்லா இருக்கும்னா, போயிடுவேன்டா போஸ்ட்டு. கடலூர் வீட்ட வாடகைக்கு வுட்டுட்டுப் போயிடுவேன்."

போயிடுவேன் என்று அவன் சொல்லி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிகாலை பஸ் பிடித்து நான் கடலூர் போவேன். சில்வர் பீச்சில் இருவரும் நடப்போம். ஒரு மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் வரைக்கும் உலகத்தில் உள்ள எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டு, நான் பஸ் ஏறுவேன். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகத்தான் நகர்ந்துகொண்டிருந்தன. அதைச் சொல்லாமல் காரில் அவன் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தேன். 'எனிபடி' வேண்டாம், 'உட் எனிஒன்' என்று சொல் என்றேன். இலக்கணம் சொல்லிக் கொடுத்தால் நல்லவனாகிவிட்டோம் என்று தோன்றியது.

கண்காட்சி வாசலில் ஒரு சின்னப் புத்தகம் விற்றார்கள். பாஸ்போர்ட் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு நாட்டின் அரங்கைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது அந்த நாட்டின் முத்திரையை அதில் குத்தித் தருவார்கள். மூன்றை வாங்கினேன். அந்த நிமிடத்தில் எனக்குள் இருந்த போஸ்ட்மாஸ்டர் விழித்துக்கொண்டான்.

முதல் அரங்கை நாங்கள் யோக்கியமாகத்தான் பார்த்தோம். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, உள்ளே ஒரு மணி நேரம் நடந்து, இருட்டறையில் சுவர் முழுக்க ஓடிய படத்தை வாயைப் பிளந்து பார்த்து, கடைசியில் ஒரு முத்திரை. நான் கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் போனால் மாலைக்குள் ஐந்து நாடுதான் தேறும். எதிரில் ஒரு சின்னப் பெண் தன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள், முப்பது முத்திரைக்குக் குறையாது. எனக்கு வயிறு எரிந்தது.

வழி காட்டியவன் மச்சான்தான். அடுத்து நாங்கள் போனது வட்டமான ஓர் அரங்கு. உள்ளே போகும் வழி வலது கைப்பக்கம் என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். எல்லோரும் நடுவை இடது கைப்பக்கம் வைத்து இடமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். மச்சான் நின்றுவிட்டான்.

"நான் வரல மாமா."

"ஏன்?"

"எடமா சுத்தச் சொல்றாங்களே. நல்ல நாளும் அதுவுமா எடமாவா சுத்துறது? வீட்டுல அஞ்சு பொண்ணுங்க, ரெண்டு கல்யாணத்துக்கு நிக்குது."

"இது கோயில் இல்லடா."

"நடுவுல பாரு, தண்ணி ஊத்துது, வெளக்கு எரியுது, ஜனம் சுத்துது. கோயில் இல்லன்னா வேற என்னா?"

அவன் வலமாகச் சுற்ற, இடது பக்கமாக நடக்க ஆரம்பித்தான். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். அது வெளியே வரும் வழி. ஒரு பிலிப்பைன்ஸ் பெண் கையை நீட்டித் தடுத்து, "சார், திஸ் ஈஸ் எக்ஸிட்" என்றாள்.

"எங்க ஊர்ல இதாம்மா என்ட்ரி" என்றான் மச்சான்.

நான் குறுக்கே புகுந்து, நாங்கள் சிதம்பரத்திலிருந்து வருகிறோம், வட்டமான எதையும் வலமாகத்தான் சுற்றுவோம், அது எங்கள் கல்ச்சர் என்றேன். உலகக் கண்காட்சியில் அந்த ஒரு சொல்லுக்கு மறுப்பே கிடையாது. அவள் கை கூப்பி வழி விட்டாள். எதிரே வந்த கூட்டம் ஒதுங்கியது. மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டே முன்னால் போனான். ஒரு வெள்ளைக்காரர் அவனைப் பார்த்துத் தானும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பத்து அடி நடந்ததும் முத்திரை மேசை இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முத்திரை வெளிவாசலில்தான் இருக்கிறது! வெளிவாசல் வழியாக நுழைந்தால் வரிசை இல்லை, இருட்டறை இல்லை, சுவரில் படம் இல்லை. இரண்டு நிமிடத்தில் ஒரு நாடு. நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்க வேன் பிடித்துப் போகிறவர்கள் நாங்கள். 'கும்பிட்டாச்சா, விபூதி வாங்கியாச்சா, ஏறு வண்டியில' என்று விரட்டிப் பழகிய ஜனம். அந்தப் பழக்கத்தை நாடுகள் மேல் காட்டினேன்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. வட்டமோ சதுரமோ, எல்லா அரங்கும் எனக்கு வலம் வர வேண்டிய இடமாகிவிட்டது. மச்சானை முன்னால் விட்டு, 'கல்ச்சர், கல்ச்சர்' என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். மூன்று கிழவர்கள் கொரோனா முகக்கவசத்தோடு பக்தியாக நடந்து வந்தால் யார்தான் மறிப்பார்கள்? மத்தியானத்துக்குள் பத்தொன்பது நாடுகள்.

முத்திரை குத்துகிறவர்களின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உலகத்துக்கு முத்திரை குத்தத் தெரியவில்லை. சிலர் மையில் அழுத்தி எடுத்து அப்படியே சேற்றில் மிதிப்பதுபோல் வைக்கிறார்கள். சிலர் தடவிக் கொடுக்கிறார்கள். மணிக்கட்டை லேசாக உருட்டி, முன் விளிம்பு முதலில் தாளைத் தொட்டு, பின் விளிம்பில் முடிய வேண்டும். ஒரு தீவு நாட்டின் மேசையில் யாரும் இல்லை, முத்திரை மட்டும் நூலில் கட்டியிருந்தது. நானே குத்திக்கொண்டேன். என் பின்னால் வந்த அம்மாள் அதைப் பார்த்துத் தன் புத்தகத்தையும் நீட்டினார். அவர் பின்னால் இன்னொருவர். பத்து நிமிடம் நான் அந்தத் தீவின் அதிகாரியாக வேலை பார்த்தேன்.

"ரிட்டயர் ஆயும் புத்தி போகல பாரு" என்றான் கடலூர்க்காரன். "சம்பளம் கேட்டு வாங்கு. வாங்கிட்டு வா, போலந்துக்குப் போலாம்."

"அது அந்தக் கோடியில இருக்குடா. இந்தப் பக்கத்த முடிச்சிட்டுப் போயிடலாம்."

காலையிலிருந்து அவன் நான்கு முறை கேட்டிருந்தான். நான்கு முறையும் இதைத்தான் சொன்னேன். முதல் இரண்டு முறை முத்திரை ஆசையில் சொன்னது. அடுத்த இரண்டு முறை அப்படி இல்லை. முத்திரை மேல் பழியைப் போட்டுக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

காம்பியா நாட்டின் அரங்கில் என் திட்டத்துக்கு ஒரு தடை வந்தது. உள்ளே ஒரு கூடையில் நிலக்கடலை காட்சிக்கு வைத்திருந்தார்கள். மச்சான் அதைப் பார்த்துவிட்டான். ஒரு காயை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினான். முகம் சுளித்தான். "காயல மாமா. இத மூட்ட கட்டுனா பூஞ்ச புடிச்சிடும்."

அங்கிருந்த கறுத்த, உயரமான மனிதர் அருகே வந்தார். மச்சான் காயை அவர் காதருகே குலுக்கிக் காட்டினான். அவர் கேட்டார். பிறகு கூடையின் அடியிலிருந்து வேறொரு காயை எடுத்து மச்சான் காதருகே குலுக்கினார். மச்சானின் முகம் மலர்ந்தது. "ஆங்! இது சரக்கு!"

அவருக்குத் தமிழ் தெரியாது. இவனுக்கு ஆங்கிலம் தெரியாது. இருவரும் தரையில் குந்தி உட்கார்ந்து காய்களை உரித்து, பருப்பை நசுக்கி, எண்ணெயை விரலில் தேய்த்துக் காட்டிக்கொண்டார்கள். மச்சான் தரையில் விரலால் கோடு போட்டு, பாத்தி எவ்வளவு அகலம் என்று காட்டினான். அவர் அதைத் திருத்தி இன்னும் அகலமாகப் போட்டார். இவன் தலையில் கை வைத்துக்கொண்டு, "அவ்ளோ எடமா வுடுறீங்க? நெலம் ஜாஸ்தி உங்களுக்கு" என்றான்.

கடலூர்க்காரன் பக்கத்தில் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாத்தியாடா போஸ்ட்டு, பாஷையே வேணாம் போலருக்கே" என்றான். அவன் குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. "நேரமாவுது, நேரமாவுது" என்று மச்சானின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

நாலு மணிக்கு ஒரு நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். கடலூர்க்காரனுக்குக் கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிப் பாதத்தை நீவிக்கொண்டான். வரைபடத்தைப் பார்த்தேன். போலந்து அங்கிருந்து பக்கத்தில்தான், ஐந்து நிமிட நடை. அவனுக்கும் அது தெரிந்தது.

"நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க. நான் போயி க்யூ எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டு வரேன்" என்றேன்.

"நல்லதா போச்சு. கால் கொஞ்சம் ஆறட்டும். கூட்டம் இல்லன்னா போன் போடு, ஓடியாரேன்" என்றான்.

போலந்து அரங்கின் முன்னால் வரிசை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பத்துப் பேர் நின்றிருந்தார்கள். போனைக் கையில் எடுத்தேன். திரும்பப் பையில் போட்டேன். வெளிவாசலுக்கு நடந்தேன்.

முத்திரை மேசையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். வெள்ளை மீசை. வேலை இல்லாமல் ஒரு காகிதக் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, பக்கத்து நாற்காலியைத் துடைத்துக் காட்டினார். "எந்த ஊர்?" என்றார் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில். இந்தியா என்றேன். "இந்தியாவில் எங்கே? கடல் பக்கமா?" என்றார். ஆமாம் என்றேன். "எத்தனை பிள்ளைகள்? நடந்து கால் வலிக்குமே, தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்றார். ஒரு தண்ணீர் பாட்டிலையும் எடுத்து நீட்டினார்.

நான் புத்தகத்தை நீட்டினேன். அவர் முத்திரை குத்தினார். மணிக்கட்டை உருட்டி, முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புக்கு. அன்று முழுக்கப் பார்த்த முத்திரைகளில் சுத்தமானது அதுதான். நன்றி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாற்காலியில் உட்காரவில்லை. தண்ணீரையும் வாங்கவில்லை.

நண்பன் கேட்க நினைத்த கேள்விக்குப் பதில் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது. யாராவது வந்து பேச்சு கொடுப்பார்களா என்று கேட்கத்தானே கடல் தாண்டி வந்தான்? நான் வாயைத் திறப்பதற்குள் அந்த மனிதர் எனக்கு நாற்காலி துடைத்தார். இது புரியாமல் நான் திரும்பி வரவில்லை. புரிந்துதான் வந்தேன்.

"ஒன்றரை மணி நேரம் க்யூடா. கார் ஆறு மணிக்கு வந்துடும்" என்றேன்.

"ஒன்றரையா?"

"வெளிய வளைஞ்சு நிக்குது ஜனம்."

"உன் பொறவாசல் வழி?"

"அங்க ஒருத்தன் நிக்கறான். கல்ச்சர் எல்லாம் அவங்கிட்ட செல்லாது."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். "சரி வுடு. நமக்குக் குடுப்பின இல்ல" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அவனுங்களே அப்பிடித்தான் போலருக்கு. உள்ள வுடறதுக்கே இவ்ளோ கெடுபிடி" என்றான். ஒரு நாட்டின் மேல் நான் போட்ட பழி அது. மச்சான் காம்பியாக்காரர் கொடுத்த கடலையை மென்றுகொண்டே, "அது போனா போவுது மாமா, வாங்க ஐஸ்கிரீம் சாப்பிடலாம்" என்றான். சாப்பிட்டோம். எனக்கு அது இனிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் நன்றாக இனித்தது. இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஊர் திரும்பிய வாரமே அவன் தன் மகனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

நான் சிதம்பரத்தில் அந்தப் புத்தகத்தைக் காட்டாத ஆள் இல்லை. கீழ வீதி மருந்துக் கடையில் காட்டினேன். முடிவெட்டும் இடத்தில் காட்டினேன். "பெருவுல என்ன சார் பாத்தீங்க?" என்று கேட்டால், "மலை" என்பேன். "நார்வேயில?" "தண்ணி." தவறாகப் போக வாய்ப்பில்லாத பதில்கள். ஒரு முறை மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு முத்திரையாக எண்ணி நாற்பத்திரண்டு என்று அறிவித்தார். கடலூர்க்காரன் மட்டும் அந்தப் புத்தகத்தைக் கேட்டதே இல்லை. கேட்டால் காட்ட வேண்டியிருக்குமே என்று, அவன் சிதம்பரம் வரும் நாட்களில் அதைப் பரண்மேல் போட்டு வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி நடந்தன. பஸ், பீச், இட்லி. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் திங்கள் முதல் சனி வரை அவன் என்ன செய்கிறான் என்று நான் யோசித்ததில்லை. ஒரு முறை நடுவாரத்தில் முன்னறிவிப்பில்லாமல் போனேன். தொலைக்காட்சியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். "உப்பு ஜாஸ்தி போடறியே, நல்லாவா இருக்கும்?" என்றான் அந்தப் பெண்ணிடம். என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "சொன்னா கேக்க மாட்டேங்கறா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார். அவர் சொன்னதில் ஒன்றுகூட என் காதில் ஏறவில்லை.

இந்தப் பொங்கலுக்கு அவன் மகன் வந்திருந்தான். என்னைப் பார்க்கச் சிதம்பரம் வந்தவன், கிளம்பும்போது வாசலில் நின்று, "மாமா, அப்பாவ நீங்கதான் பாத்துக்கறீங்க. ரொம்ப தேங்க்ஸ். அன்னிக்குத் துபாய்ல அந்தக் கூட்டம் மட்டும் இல்லாம இருந்திருந்தா மனசு மாறியிருப்பாரோன்னு நெனப்பேன். என்னா பண்றது" என்றான். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு சில்வர் பீச்சில் நடக்கும்போது சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "டேய், அன்னிக்குப் போலந்துல க்யூவே இல்ல. நான் போயி சீல் வாங்கிட்டு வந்து உங்கிட்ட பொய் சொன்னேன். நீ போயிடுவன்னு பயமா இருந்துச்சு" என்றேன்.

அவன் நின்றான். அலையைப் பார்த்தான். எதிரே ஒருவர் இரண்டு நாய்களைப் பிடித்துக்கொண்டு போனார். அவர் கடந்து போகும்வரை காத்திருந்து கேட்டான்.

"உள்ள எப்பிடி இருந்துச்சு?"

"பாக்கலடா. வெளிவாசல்லயே திரும்பிட்டேன்."

"ஒண்ணுமே பாக்கலியா?"

"ஒரு ஆளு உக்காந்திருந்தாரு. நம்ம வயசுக்காரரு. சீல் குத்தறவரு."

"என்னா சொன்னாரு?"

சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டதை, கடல் பக்கமா என்று கேட்டதை, பிள்ளைகள் எத்தனை என்றதை, நாற்காலியைத் துடைத்ததை, தண்ணீர் பாட்டிலை. அவன் ஒவ்வொன்றையும் நிறுத்தி இரண்டு முறை கேட்டான்.

"அவராவே கேட்டாரா? நீ மொதல்ல பேச்சு குடுத்தியா?"

"அவராவேதான்."

"சேரு அவரே தொடச்சாரா?"

"கைக்குட்டையால."

"நீ உக்காரவே இல்லியா?"

"இல்ல."

"நாயே" என்றான். அப்படியே திரும்பிப் பீச் ரோட்டுப் பக்கம் நடந்தான். இட்லி சாப்பிட வரவில்லை. நானும் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் நான் கடலூர் போகவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன், "அடப்பாவி மாமா, அன்னிக்கு ஐஸ்கிரீம் ரெண்டு துன்னியே" என்றான். அவன் ஆறுதல் சொல்லும் விதம் அது.

மூன்றாவது சனிக்கிழமை போன் வந்தது.

"போஸ்ட்டு, நாளைக்கு வரியா?"

"வரேன்டா."

"கண்ணாடிய எடுத்தாந்துடு. பையன் விசா ஃபாரம் அனுப்பியிருக்கான். பொடி எழுத்தா இருக்குது. நீதான நிரப்பணும், வேற யாரு இருக்கா எனக்கு?"

மறுநாள் மெஸ்ஸில் இட்லித் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டர் சென்டரில் அச்செடுத்து வந்த தாள்களை மேசையில் பரப்பினான். முதலில் இதில் எழுதி, பிறகு அங்கே கொடுத்துக் கணினியில் ஏற்றச் சொல்வதாக ஏற்பாடு. நான் ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறந்த ஊர், அப்பா பெயர், பார்த்த வேலை. நான் செய்த காரியத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. சர்வர் இரண்டாவது காபி கொண்டுவந்து வைத்தார்.

"எத்தன நாள் தங்குவீங்கன்னு கேக்கறான்" என்றேன்.

அவன் யோசித்தான்.

"முப்பதுன்னு போடலாமா? மொத தடவ, போயிப் பாத்துட்டு..." என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "ஜாஸ்தி எவ்ளோ போடலாம்?"

"தொண்ணூறு."

"தொண்ணூறு போடு."

போட்டேன். அவன் தாளைத் தன் பக்கம் இழுத்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். திரும்ப என் பக்கம் தள்ளினான்.

"நம்பரா மட்டும் போட்டா பத்தாது. உன்ன நம்ப முடியாது, ஒன்பத அழிச்சி மூணாக்கிடுவ. மணியார்டர்ல போடுவியே, அந்த மாதிரி எழுத்தாலயும் எழுது."

"கட்டத்துல எடம் இல்லடா."

"ஓரத்துல எழுது."

ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, அவன் பார்த்துக்கொண்டிருக்க, தமிழில் 'தொண்ணூறு மட்டும்' என்று எழுதினேன்.